பரிதாபம் வேண்டாம், பாக்கியைச் சொல்

ஆப்பிரிக்கா என்றால் தமிழ் நடுத்தர வர்க்கத்துக்கு மூன்றே மூன்று படங்கள்தான் தெரியும். ஈ மொய்க்கிற முகத்தோடு எலும்பும் தோலுமாய் ஒரு குழந்தை. துப்பாக்கி பிடித்த ஒரு பையன். ஜீப்பில் போய்ப் பார்க்கிற சிங்கம். குழந்தைக்கும் பையனுக்கும் கீழே எழுதுகிற வாசகம் ஒன்றுதான்: 'பாவம்.'

இந்தப் 'பாவம்' நமக்குப் பழக்கமான சொல். குடிசைக்குத் தீ வைத்த மறுநாள் அரிசி மூட்டையோடு வந்து நிற்கிறவர் சொல்வதும் இதைத்தான். பாவம் என்று சொல்லிவிட்டால் போதும், தீ வைத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. கொடுக்கிறவனுக்குப் புண்ணியம், வாங்குகிறவனுக்கு அரிசி, வைத்தவனுக்கு ஜாமீன். எவ்வளவு நல்ல ஏற்பாடு!

கொஞ்சம் மீறிப் பேசினால் அடுத்த கேள்வி வரும். "நூறு வருசத்துக்கு முன்னாடி நடந்தத இப்ப எதுக்குய்யா கிளர்ற? அவங்களுக்குத்தான் சுதந்திரம் குடுத்தாச்சே. உங்களுக்குத்தான் சலுகை குடுத்தாச்சே. இன்னும் இன்னாதான் வேணும்?" ஐரோப்பியன் ஆப்பிரிக்கனைக் கேட்பதும் இதுவே. ஊர்க்காரன் சேரிக்காரனைக் கேட்பதும் இதுவே.

இந்தக் கேள்விக்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன். ஆப்பிரிக்காவில் இன்று நடக்கிற அரசியலும், அங்கே கேட்கிற பிரசங்கமும், அங்கே இறங்குகிற நிவாரண மூட்டையும் பழைய கணக்கின் மேல்தான் நிற்கின்றன. நம்முடையதும் அப்படித்தான். கணக்கை மூடி வைத்திருப்பவன்தான் கருணையைத் திறந்து வைக்கிறான்.

லாங் பஜாரிலிருந்து நேட்டால்

ஆப்பிரிக்கா நமக்குத் தூரத்து ஊர் இல்லை, தோழர்களே. 1860 நவம்பர் 16ஆம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தில் 342 பேரை இறக்கியது. எல்லோரும் சென்னையில் ஏறியவர்கள். கரும்பு வெட்ட, ஐந்து வருட ஒப்பந்தத்தில் போனவர்கள். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகத்தின் வழியாகப் போனவர்கள். மிக அதிகமாக ஆள் கொடுத்த மாவட்டங்களில் ஒன்று அன்றைய வட ஆற்காடு. அதாவது வேலூர், குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு. அதாவது நாம்.

போனவர்களில் பல சாதியும் உண்டு. ஆனால் நிலமில்லாதவன், பண்ணையில் அடிமைப்பட்டுக் கிடந்தவன், பஞ்சத்தில் சட்டியைக் கவிழ்த்தவன் யார் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் இருந்தால் தலைக்கு மூன்று பவுன் வரி என்று 1895இல் நேட்டாலில் சட்டம் வந்தது. திரும்பி வந்து பார்க்க இங்கே என்ன இருந்தது? அதே சேரி, அதே ஆண்டை.

மனிதர்கள் அங்கே போனார்கள். அங்கிருந்து இங்கே என்ன வந்தது தெரியுமா? மரப்பட்டை. நேட்டால் மலைகளில் வெள்ளைக்காரப் பண்ணைகள் வளர்த்த வாட்டில் மரத்தின் பட்டை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை மாகாணத்துத் தோல் ஷாப்புகளுக்குக் கப்பலில் வந்தது. அதுவரை ஆவாரம்பட்டையில் தோல் பதப்படுத்திய குழிகளில் வாட்டில் பட்டை ஊறியது. ஆப்பிரிக்க மண்ணைப் பிடுங்கி நட்ட மரம், அதன் சாறு, அந்தக் குழிக்குள் இறங்கி நின்ற கால் நம்முடையது. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வாணிபத்தை நிறுத்தியது. உடனே கென்யாவின் வாட்டில் வந்தது. அதுவும் வெள்ளைக்காரன் பிடுங்கிய மேட்டுநிலத்தில் வளர்ந்ததுதான்.

நிலத்தை இழந்தவன் அங்கே மரம் வெட்டினான். நிலமே இல்லாதவன் இங்கே தோல் மிதித்தான். இரண்டு பேருக்கும் ஒருவன் பெயர் ஒருவனுக்குத் தெரியாது. நடுவில் இருந்த வியாபாரிக்கு இரண்டு பேருடைய கூலியும் நன்றாகத் தெரியும்.

அடிமைக்கு விடுதலை, ஆண்டைக்கு நஷ்டஈடு

நான் லாங் பஜாரில் ஒரு வங்கிக் கிளையில் குமாஸ்தா. மண்டிக்காரர்கள் கட்டுக்கட்டாய்க் கட்டுகிற பணத்தை எண்ணி வாங்குவதும், மூட்டை தூக்குகிறவர்களின் நகைக்கடன் ரசீதில் முத்திரை குத்துவதும் என் பிழைப்பு. எனக்குக் கடன் பற்றிக் கொஞ்சம் தெரியும். வருடம் போகப்போகக் கடன் தீராது, வளரும். கட்டித் தீர்த்தால்தான் தீரும். இல்லையென்றால் 'ரைட் ஆஃப்' செய்ய வேண்டும். யாருடைய கடன் ரைட் ஆஃப் ஆகும், யார் வீட்டுக்கு நோட்டீஸ் போகும் என்பதுதான் அரசியல்.

ஒரு கடன் கதையைக் கேளுங்கள். 1833இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. மனிதநேயத்தின் மகத்தான வெற்றி என்று பாடப் புத்தகம் சொல்லும். நஷ்டஈடாக 2 கோடி பவுன் ஒதுக்கினார்கள். யாருக்கு? ஏறக்குறைய எட்டு லட்சம் அடிமைகளுக்கா? இல்லை. அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு! அடிமைக்குச் சல்லிக்காசு கிடையாது. விடுதலையான பிறகும் சில வருடம் அதே எஜமானிடம் 'பயிற்சி' என்ற பெயரில் வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும் கிடைத்தது. அதற்காக வாங்கிய கடனின் மிச்சத்தை பிரிட்டிஷ் அரசு எப்போது அடைத்து முடித்தது தெரியுமா? 2015இல். லண்டனில் வரி கட்டிய ஆப்பிரிக்க வம்சத்துப் பிள்ளைகளும் தங்கள் பாட்டன்களின் எஜமானர்களுக்கு நஷ்டஈடு கட்டியிருக்கிறார்கள். நூறு வருசத்துக்கு முன்னாடி நடந்தது என்கிறாயே, ஐயா, கடன் கணக்கு நேற்றுத்தான் மூடியது!

ஹைத்தியைப் பாருங்கள். ஆப்பிரிக்க அடிமைகள் தாங்களே சண்டை போட்டு விடுதலை வாங்கிய நாடு. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பலை நிறுத்தி 15 கோடி ஃபிராங்க் கேட்டது. எதற்கு? தங்களைத் தாங்களே விடுவித்துக்கொண்டதற்கு. பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்டக் கடன், கடனைக் கட்டக் கடன் என்று 1947 வரை இழுத்தது. இன்றைக்கு ஹைத்தியைக் காட்டி 'ஆளத் தெரியாதவர்கள்' என்கிறான். அசலும் வட்டியும் அவன் பெட்டியில் இருக்கிறது.

இனி நம் பக்கம் திரும்புவோம். 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசத்துக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருந்தது. பறையன், பள்ளன், புலையன், செறுமன் கம்பெனியின் கண்ணில் அடிமைக் கணக்கில்கூடச் சேரவில்லை. 1843இல் ஐந்தாம் எண் சட்டம் வந்தது. நீதிமன்றம் இனி அடிமை உரிமையை ஏற்காது என்றது, அவ்வளவுதான். நிலம் இல்லை, காசு இல்லை. அடிமை 'படியாள்' ஆனான். பெயர் மாறியது, களம் மாறவில்லை.

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர் நிலை பற்றி அறிக்கை கொடுத்தார். 1892இல் தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம். பத்து வருடம் விற்கக் கூடாது, அதன் பிறகும் நம்மவருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. மாகாணம் முழுக்கப் பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் பல காலமாகச் சொல்லிவருகிற கணக்கு. இன்றைக்கு அது யார் கையில் இருக்கிறது? எத்தனை திருமண மண்டபம், எத்தனை கல்லூரி, எத்தனை தோப்பு அதன் மேல் நிற்கிறது?

தென்னாப்பிரிக்காவில் 1913 நிலச் சட்டம் பெரும்பான்மைக் கறுப்பர்களுக்கு ஒதுக்கியது நாட்டு நிலத்தில் 7 சதவீதம். 1936இல் அதை 13 ஆக்கினார்கள். 1994 ஏப்ரலில் ஓட்டு கிடைத்தது, மண்டேலா ஜனாதிபதியானார். 2017இல் அரசே எடுத்த கணக்குப்படி, தனிநபர் கையிலிருக்கும் விவசாய நிலத்தில் 72 சதவீதம் வெள்ளையரிடம் இருந்தது. ஓட்டு வந்தது, நிலம் வரவில்லை. அங்கே இன்றைய அரசியலின் சண்டை முழுக்க இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அதே 1994. அக்டோபர் 10ஆம் தேதி. செங்கல்பட்டு மாவட்டத்தில் காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடிய நம் மக்கள் மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். மண்டேலாவுக்குக் கைதட்டிய பத்திரிகைகள் எத்தனை காரணைக்குத் தலையங்கம் எழுதின? கறுப்புக் கவிதையை மொழிபெயர்த்துக் கண்ணீர் விட்ட இலக்கியச் சிற்றிதழ்கள் எத்தனை தங்கள் ஊர்ச் சேரிக்குள் கால் வைத்தன? நானும் கவிதை எழுதுகிறவன்தான். ஆதலால் கேட்கிறேன்: கடல் தாண்டி இருக்கிற அடிமைக்கு அழுவது ஏன் அவ்வளவு சுலபமாக இருக்கிறது? அவன் வந்து உன் கிணற்றில் தண்ணீர் கேட்க மாட்டான் என்பதாலா?

அட்டை

1994க்கு இன்னொரு முகமும் உண்டு. ருவாண்டா. ஏப்ரலிலிருந்து ஜூலைக்குள் ஏறக்குறைய எட்டு லட்சம் பேர். பெரும்பாலும் துட்சிகள். பக்கத்து வீட்டுக்காரன், கூடப் படித்தவன், ஒரே மாதாகோயிலில் பூசை கேட்டவன் வெட்டினான். வானொலி அவர்களைக் 'கரப்பான் பூச்சி' என்றது. 'ஆப்பிரிக்கன் காட்டுமிராண்டி, இனக்குழுச் சண்டை' என்று உலகப் பத்திரிகைகள் எழுதின.

அந்தச் சண்டையில் கொல்லவேண்டியவனை எப்படி அடையாளம் கண்டார்கள்? சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கேட்டார்கள். ஹூட்டு, துட்சி, ட்வா என்று அதில் எழுதியிருந்தது. 1930களில் பெல்ஜியம் கொண்டுவந்த முறை அது. அதற்கும் முன்னால், 1863இல் ஸ்பீக் என்ற ஆங்கிலேயப் பயணி எழுதிய புத்தகத்தில், ஆளுகிற ஆப்பிரிக்கர்கள் வடக்கிலிருந்து வந்த உயர்ந்த இனம் என்ற கதை இருந்தது. அதைப் பள்ளிக்கூடத்திலும் மிஷனிலும் சொல்லிக்கொடுத்தார்கள். துட்சிக்கு உத்தியோகம், ஹூட்டுக்குக் கூலி. பிறகு காற்று மாறியபோது, 'வடக்கிலிருந்து வந்தவனை வடக்கே அனுப்பு' என்று ஆற்றில் பிணமாக அனுப்பினார்கள். இது காட்டின் குணமா? அலுவலகத்தில் தயாரான சாவு!

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த ருவாண்டா கதையைக் காட்டி நம் வாயை அடைக்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. "பாத்தியா, பெல்ஜியக்காரன் அட்டை குடுத்துப் பிரிச்சான். அதே மாதிரி வெள்ளக்காரன் சென்சஸ் எடுத்துத்தான் இங்க சாதியே வந்துச்சு. அதுக்கு முன்னாடி எல்லாரும் அண்ணன் தம்பியா இருந்தோம்." இன்றைக்கு இதைப் பல்கலைக்கழக ஆங்கிலத்தில் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மாணவத் தோழர்கள் ஏமாற வேண்டாம். வெள்ளைக்காரன் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்கு முன், ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே 'பறைச்சேரி' இருக்கிறது, 'தீண்டாச்சேரி' இருக்கிறது. அதை எழுதியது எந்தக் கலெக்டர்? காலனி அரசு சாதியைப் பதிவேட்டில் ஏற்றி இறுக்கியது உண்மை. உண்டாக்கியது அவன் இல்லை. ஆப்பிரிக்க வரலாற்றைப் படிப்பது நம் ஆண்டைகளின் குற்றத்தை வெள்ளைக்காரன் தலையில் கட்டுவதற்கு அல்ல. இரண்டு பேருடைய கையெழுத்தையும் ஒரே பத்திரத்தில் காட்டுவதற்கு.

சாபமும் வேதமும்

மதத்துக்கு வருவோம். நோவாவின் மகன் காம் தகப்பனின் நிர்வாணத்தைப் பார்த்தான், அவன் மகன் கானான் அடிமையாக இருக்கட்டும் என்று சாபம். பைபிளில் தோல் நிறம் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனாலும் காமின் பிள்ளைகள்தான் கறுப்பர்கள், அவர்கள் அடிமையாவது தேவசித்தம் என்று நூற்றாண்டுக்கணக்கில் பிரசங்கம் செய்தார்கள். நமக்கு இந்தத் தந்திரம் புதிதா? புருஷனின் வாயில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்று ஒரு சூக்தம். நாம் அந்த உடம்பிலேயே இல்லை. அவனுக்குச் சாபம், நமக்குக் கர்மம். மனிதன் செய்ததைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டால் யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

1857இல் தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபையின் மாமன்றம் கூடியது. வெள்ளையரும் மற்றவரும் ஒன்றாக நற்கருணை எடுப்பதே வேதத்துக்குச் சரி, என்றாலும் 'சிலருடைய பலவீனத்தை' முன்னிட்டுத் தனித்தனியாக நடத்தலாம் என்று தீர்மானித்தது. யாருடைய பலவீனம்? கறுப்பனோடு ஒரே பாத்திரத்தில் குடிக்க முடியாத வெள்ளையனின் பலவீனம். அந்தச் சின்னச் சலுகை வளர்ந்து தனிக் கோயில், தனிச் சபை ஆனது. 1948இல் நிறவெறி அரசு வந்தபோது அதற்கு வேத ஆதாரம் தயாராக இருந்தது.

இதில் நம் ஊருக்கு என்ன சம்பந்தம்? இருக்கிறது. இதே டச்சு சீர்திருத்த மரபின் அமெரிக்கக் கிளை 1853இல் நம் பகுதியில் தொடங்கியதுதான் ஆற்காடு மிஷன். ஸ்கடர் குடும்பத்தின் மிஷன். 1867 வரை அந்த அமெரிக்கச் சபையின் பெயரிலேயே 'டச்சு' இருந்தது. அது கட்டிய பள்ளியில்தான் நம் பாட்டன்கள் பலர் முதல் எழுத்தைக் கற்றார்கள். அதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன். ஆனால் நன்றி வேறு, கணக்கு வேறு.

1982இல் ஒட்டாவாவில் உலகச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு கூடியது. தென்னாப்பிரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஆலன் பூசாக் தலைவரானார். நிறவெறியை ஆதரிப்பது பாவம் மட்டும் அல்ல, வேதப்புரட்டு என்று அறிவித்து வெள்ளைச் சபைகளை இடைநீக்கம் செய்தார்கள். அதே வருடம் எழுதி 1986இல் ஏற்ற பெல்ஹார் விசுவாச அறிக்கை, மனிதரைப் பிரித்து வைக்கும் சபையை நிராகரித்தது. ஆற்காடு மிஷனை அனுப்பிய அமெரிக்கச் சபை 2010இல் அதைத் தன் விசுவாசப் பிரமாணங்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டது.

நான் கேட்பது எளிய கேள்வி. தமிழ்நாட்டுச் சபைகள், கத்தோலிக்கமோ புராட்டஸ்டன்டோ, எந்த மாமன்றத்தில் சாதியை வேதப்புரட்டு என்று சொல்லி, சாதிப்படி கல்லறை பிரித்த ஒரு பங்கையாவது வெளியே நிறுத்தின? 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதற்குத் தாக்கப்பட்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவையே திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று எழுதி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டால் முடிந்ததா? பாவசங்கீர்த்தனம் செய்தவனுக்குப் பிராயச்சித்தம் உண்டே, அது எங்கே?

அரசு மட்டும் யோக்கியமா? 1950 ஜனாதிபதி ஆணை இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவனும் முஸ்லிமும் ஆன தலித்துக்குக் கதவு அடைத்தே இருக்கிறது. கோயிலுக்குள் விடாதவன், 'நீ கோயிலை விட்டுப் போனால் சலுகை இல்லை' என்கிறான். காங்கோவில் சைமன் கிம்பாங்கு என்ற கறுப்பர் தானே பிரசங்கம் செய்யத் தொடங்கினார், சனங்கள் பின்னால் திரண்டார்கள் என்பதற்காக 1921இல் பெல்ஜியம் சிறையில் போட்டது. முப்பது வருடம் கழித்து 1951இல் சிறையிலேயே செத்தார். அடிமை தன் கடவுளைத் தானே தேர்ந்தெடுத்தால் ஆண்டைகளுக்கு எங்கேயும் பொறுக்காது.

தர்மவான்கள்

மனிதாபிமானம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ஒரு ராஜா ஞாபகம் வருகிறான். பெல்ஜியம் ராஜா லியோபோல்டு. 1876இல் பிரஸ்ஸல்ஸில் மாநாடு கூட்டி, ஆப்பிரிக்காவில் அடிமை வியாபாரத்தை ஒழிக்கவும் நாகரிகம் பரப்பவும் சங்கம் வைத்தான். உலகமே பாராட்டியது. அந்தத் தர்ம சங்கத்தின் முதுகில் ஏறித்தான் 1885இல் காங்கோவைத் தன் சொந்தச் சொத்தாக்கினான். ரப்பர் குறைந்தால் கையை வெட்டினார்கள். கூடை கூடையாக வெட்டிய கைகள். உலகத்தின் கூச்சல் தாங்காமல் 1908இல் பெல்ஜிய அரசுக்குக் கைமாற்றினான். 1960இல் விடுதலை. பிரதமர் லுமும்பாவை 1961 ஜனவரி 17இல் பெல்ஜிய அதிகாரிகளின் கண்முன் சுட்டுக் கொன்று, உடம்பை அமிலத்தில் கரைத்தார்கள். மிஞ்சிய ஒரு பல்லை 2022இல் பெல்ஜியம் திருப்பிக் கொடுத்தது. ஒரு பல்! காங்கோவிடமிருந்து எடுத்ததில் திருப்பிக் கொடுத்ததன் அளவு அதுதான். உலகில் தோண்டுகிற கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்றைக்கும் அந்த மண்ணில்தான் எடுக்கிறார்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கிற செல்போன் பேட்டரியைக் கேளுங்கள், சொல்லும்.

லியோபோல்டு மாநாடு கூட்டிய அதே 1876இல் இங்கே தாது வருசப் பஞ்சம். வட ஆற்காட்டிலும் சனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஓர் அணா. அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவு. நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும். அதே நேரத்தில் துறைமுகத்தில் தானியம் கப்பல் ஏறியது. சாகாமல் மிஞ்சியவனில் ஒரு பகுதியைக் கங்காணி கப்பலேற்றினான். பஞ்சம் வானத்திலிருந்து வந்தது என்றால், சாவு எங்கிருந்து வந்தது?

நிவாரணம் தப்பான இடத்தில் போய் நிற்பதற்கும் ஆப்பிரிக்காவே சாட்சி. 1994இல் ருவாண்டாவில் கொலை உச்சத்தில் இருந்தபோது ஐ.நா. பாதுகாப்புக் கவுன்சில் தன் படையை 270 பேராகக் குறைக்கச் சொன்னது. கொலை முடிந்து, கொன்றவர்கள் எல்லை தாண்டி கோமா முகாம்களுக்கு ஓடிய பிறகு உலகத்தின் இரக்கம் விமானத்தில் வந்து இறங்கியது. ரேஷன் பட்டியல் கொலைகாரர்கள் கையிலேயே இருந்தது. அதைச் சகிக்காமல் பிரெஞ்சு மருத்துவர் குழு ஒன்று வெளியேறியது. அந்த முகாம்களிலிருந்து கிளம்பிய சண்டை காங்கோவை இன்னும் விடவில்லை. வரலாறு கேட்காமல் சோறு போட்டால் சோறு யார் கைக்குப் போகும் என்பதற்கு இது பாடம்.

நம் பாலாற்றுக்கு வாருங்கள். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்றது. சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் இன்னும் நஷ்டஈடு கொடு, இன்னும் ஆற்றைச் சரிசெய் என்று மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. இடையில் 2015 ஜனவரி 31இல் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அன்றைக்கு நேட்டாலுக்குக் கப்பல், இன்றைக்கு நம் ஊருக்கு ரயில்.

இந்தத் தோல் ஷூவாகி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகிறது. வாங்குகிற கம்பெனி வருடம் ஒருமுறை ஆடிட் வைக்கிறது. கண் பரிசோதனை முகாம் நடக்கிறது, நோட்டுப் புத்தகம் கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். நோட்டுப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் வாங்கட்டும். ஆனால் நோட்டுக் கொடுக்கிற கையைப் பார்த்து, 'கூலி எவ்வளவு, கிணற்றுத் தண்ணி ஏன் உப்பு, எங்க நெலம் எங்க' என்று கேட்கவும் வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கிறவன் தர்மவான் இல்லை, கடன்காரன்.

நம் வீட்டுக் குப்பை

எல்லாம் சொல்லிவிட்டு நம் வீட்டைப் பெருக்காமல் விட முடியாது. 'காப்பிரி' என்பது நம் வாயிலும் திட்டுத்தான். சுருட்டை முடிப் பிள்ளையை, கறுத்த பிள்ளையை நம் தெருவிலேயே அப்படிக் கூப்பிடுகிறோம். மருமகளுக்கு நிறம் பார்க்கிறோம். 2016 மே மாதம் டெல்லியில் காங்கோ நாட்டு இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை விரட்டி விரட்டி அடித்தார்கள். எத்தனை தலித் இயக்கங்கள் கண்டனச் சுவரொட்டி ஒட்டின?

இந்தக் குப்பைக்குப் பழைய தலைவர்களும் உரம் போட்டார்கள். 1890களில் டர்பன் தபால் அலுவலகத்தில் வெள்ளையருக்கு ஒரு வாசல், மற்றவருக்கு ஒரு வாசல். காந்தி கேட்டு வாங்கியது மூன்றாவது வாசல். ஆப்பிரிக்கனோடு ஒரே வாசலில் இந்தியன் நுழையாமல் இருக்க! கானா பல்கலைக்கழகத்தில் 2016இல் வைத்த அவர் சிலையை 2018இல் ஏன் எடுத்தார்கள் என்று கேட்பவர்கள் இதைப் படிக்கட்டும். அதே தென்னாப்பிரிக்காவில் நம் ரெட்டைமலை சீனிவாசன் பல வருடம் வேலை பார்த்தார். காந்திக்குத் தமிழில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவர் அவர். பிறகு வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு உட்கார்ந்து காந்திக்கு எதிராகக் கணக்குக் கேட்டவரும் அவர்தான். நாம் எந்த வாசலில் நிற்கிறோம்?

நம் முன்னோர்கள் சரியான வாசலைக் காட்டியிருக்கிறார்கள். 1873இல் மகாத்மா பூலே 'குலாம்கிரி' நூலைக் கறுப்பர் அடிமைத்தனத்தை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பித்தார். 1946இல் அம்பேத்கர், கறுப்பர் உரிமைக்காக ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் நகல் கேட்டு டுபோய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபோய்ஸ் பதில் எழுதினார். 1972இல் மும்பையில் பிறந்த தலித் பேந்தர்ஸ், கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்தார்கள். 2001இல் டர்பனில் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு. சாதியை அங்கே பேசவே கூடாது என்று முட்டுக்கட்டை போட்டது இந்திய அரசு. கடன்காரன் ஏன் வட்டிக்கடை பக்கம் போக மறுக்கிறான் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே தோழர்களே, மாணவர்களே, ஆப்பிரிக்காவுக்காக உண்டியல் தூக்குவதற்கு முன் ஆப்பிரிக்காவைப் படியுங்கள். சேரி இரவுப் பள்ளியில் லுமும்பாவையும் காரணையையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுங்கள். நேட்டாலுக்குப் போன தன் ஊர்க்காரன் பெயரை வயசாளிகள் யாராவது சொன்னால் எழுதி வையுங்கள். ஊர் ஊராகத் தாலுகா ஆபீசுக்குப் போய் 'அ' பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். டி.சி. நிலம் என்று எந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே எழுதியிருக்கிறது, இன்றைக்குப் பட்டா யார் பேரில் இருக்கிறது என்று எழுதி வாங்குங்கள். குமாஸ்தா 'ரிஜிஸ்டர் காணோம்' என்பான். காணோம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அங்கே நஷ்டஈடு கேட்கிற ஆப்பிரிக்கனும், இங்கே பஞ்சமி நிலம் கேட்கிற நாமும் யாரிடமும் பிச்சை கேட்கவில்லை. பாக்கி கேட்கிறோம். அசலோடு கேட்கிறோம். வட்டியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.